உள்பக்கம் தேய்க்காதவர்

பழைய டூத் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி ஓட்டாஞ்சில்லின் வெளிப்பக்கத்தைத் தேய்க்கிறார். அப்புறம் விளிம்பு. அப்புறம் உடைந்த ஓரம். உள்பக்கத்துக்கு வந்ததும் பிரஷ் நின்றுவிடுகிறது. வாளித் தண்ணீரில் ஒரு முக்கு, ஒரு உதறு, தீர்ந்தது. விரித்து வைத்த இந்திப் பேப்பரில் சில்லை மல்லாக்க வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். பக்கத்தில் சாக்கு நிறையச் சில்லுகள் காத்துக் கிடக்கின்றன. குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்வரை அந்த உட்கார்வுதான்.

"உள்ள தேச்சா என்னவே, ஓட்டையா விழுந்துரும்?" என்று கேட்டேன்.

"உள்ளதான்வே அவிய சோறு இருக்கு" என்றார், தலை நிமிராமல்.

சுடலைக்கண்ணனுக்கு வேலை, மண்ணுக்குள் இருந்து வரும் பானை ஓடுகளைக் கழுவுவது. மாதுங்காவில் ரயில்பாதையை ஒட்டி ஒரு பழைய கட்டடம். அதன் கீழ்த்தளத்தில் அனந்தகிருஷ்ணன் சார் ஓர் ஆராய்ச்சிக் கூடம் வைத்திருக்கிறார். எங்கெங்கோ தோண்டுகிறார்கள். எழுத்து என்று ஒன்று வருவதற்கு முன்னால் வாழ்ந்த சனங்கள் விட்டுப்போன ஓடு, எலும்பு, மணி, சாம்பல் எல்லாம் சாக்கில் கட்டி இங்கே வந்து சேரும். ஓட்டைக் கழுவி, உலர்த்தி, எந்தக் குழியில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்று அதன் மூலையில் பொடி எழுத்தில் எழுதி, பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு ரேக்கில் அடுக்குவது இவர் பொறுப்பு. அதை வைத்துக்கொண்டு அந்தச் சனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று சொல்வது சார் பொறுப்பு.

நான் தாராவியில் பங்கார் கடை வைத்திருப்பவன். பழைய பிளாஸ்டிக், இரும்பு, அட்டை வாங்கித் தரம் பிரித்து விற்கிறேன். அவர் வீடு எனக்குப் பக்கத்துச் சந்து. "நீரு புது பங்கார், நான் பழைய பங்கார். தொழில் ஒண்ணுதான்வே" என்பார். "ஒம்ம பங்காரை எடைக்குப் போட்டா ஒருத்தனும் வாங்கமாட்டானே" என்பேன். "ஒம்ம பங்காரைப் பாத்து ஒருத்தனும் யோசிக்கமாட்டானே" என்று திருப்பிக் கொடுப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தான் நடத்திய கூத்தை அவரே சொல்லிச் சிரிப்பார். முதலில் வந்த சாக்கு முழுவதையும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு, உள்ளும் புறமும், கல்யாண வீட்டுப் பாத்திரம்போல விளக்கிப் பளபளவென்று அடுக்கிவிட்டார். சபாஷ் கிடைக்கும் என்று நின்றவரைப் பார்த்து சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம்.

"ஒரு ஊர்ச் சாப்பாட்டையே கழுவிக் கொட்டிட்டேளே, சுடலை!"

பானைக்குள் கருப்பாகப் பிடித்திருந்த பொருக்கு அழுக்கு இல்லை. அடிப்பிடித்த சோறு. அதைச் சோதித்தால் அன்றைக்குக் கொதித்தது தானியமா, மீனா, இறைச்சியா என்று ஓரளவு சொல்லிவிடலாம். அவ்வளவு காலம் மண் காப்பாற்றி வைத்ததை இவர் ஒரு பொழுதில் தேய்த்துவிட்டார். அன்றிலிருந்து எதன் உள்பக்கத்தையும் தேய்ப்பதில்லை. வீட்டில் டீ கிளாஸைக்கூட வெளியே தேய்த்துவிட்டு உள்ளே தண்ணீர் விட்டுச் சுழற்றி வைத்துவிடுவார். அவர் மனைவி ஆறுமுகத்தாய் அதைப் பிடுங்கித் திரும்பக் கழுவுவாள். "இந்த மனுசன் சாயா குடிச்சதுக்குச் சாட்சி வேணுமாம்" என்று சந்துக்கே கேட்கிற மாதிரிச் சொல்லுவாள்.

அவர் படித்தது ஐந்தாவதோ ஆறாவதோ. நானும் அந்த வகைதான். ஆனால் சார் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவர் பார்வை மாறிப்போயிருந்தது. கரி பானையின் எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று பார்த்து, அடுப்புக் கல்லின்மேல் வைத்தார்களா, தீக்குள்ளேயே செருகினார்களா என்பார். ஒருமுறை அரைக்கிற கல் ஒன்றைக் காட்டினார். குழி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"பாத்தீரா, இவ இடது கைக்காரிவே."

சொன்னவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "இடது கைக்காரியா இருக்கலாம்."

"ஏன், உறுதியாச் சொன்னா வாய் வெந்துருமோ?"

"கல்லைச் சாய்வாப் போட்டு அரைச்சாலும் இப்படித்தான் தேயும்னு சார் சொல்லுதாவ. அரைச்சது பொம்பளைன்னுதான் யாரு கண்டா?"

அந்தக் கூடத்தில் அதுதான் சட்டம். 'இருந்தது' என்று ஒருவரும் சொல்லக்கூடாது. 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பொருள் ஒரு கதை சொன்னால் நம்பக்கூடாது. வேறு இடத்தில் கிடைத்த இன்னொரு பொருளும் அதே கதையைச் சொல்ல வேண்டும். அப்போதும் கால் பங்கு சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். "அவா என்ன பண்ணினாங்கறதை இந்த ஓடு சொல்லும், சுடலை. ஏன் பண்ணினாங்கறதைச் சொல்லாது" என்பாராம் சார். இவர் அதைத் தாராவிக்கும் கொண்டுவந்துவிட்டார். டீக்கடையில் நின்று, "பால்ல தண்ணி கலந்திருக்கலாம்" என்பார். குழாயில் தண்ணீர் வராவிட்டால், "மோட்டார் போட்டு இழுக்காவளா இருக்கலாம்." சந்துப் பிள்ளைகள் அவருக்கு 'இருக்கலாம் மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாகிறது.

அவர் வீடு ஒற்றை அறை. மூலையில் குளிக்கவும் பாத்திரம் விளக்கவும் ஒரு மோரி. வாசலை ஒட்டிய சுவரோரம் ஆறுமுகத்தாயின் இடம். தையல் பட்டறையில் இருந்து ஜீன்ஸ் மூட்டை வரும். தொங்குகிற நூல்களைக் கத்தரித்துக் கொடுக்க வேண்டும். விளக்கு வைக்கிறவரை அந்தச் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து கத்தரித்துக்கொண்டிருப்பாள். மடியில் எதிர்வீட்டு நூர் நிஷாவின் பிள்ளை அஃப்ஷா கிடக்கும். நூர் நிஷா பை தைக்கிற பட்டறைக்கு வேலைக்குப் போகிறவள். பிள்ளையை இங்கேதான் விட்டுப் போவாள். இப்போது அஃப்ஷா பள்ளிக்கூடம் போகிறது.

ஆறுமுகத்தாய் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். சிறுநீரகம் ரெண்டும் கெட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே நினைவு இல்லை. டாக்டர் பையன் நல்ல பிள்ளை, கோபப்படாமல்தான் கேட்டான்: "இது இன்னிக்கு நேத்து வந்தது இல்லை. கால் வீக்கம் ரொம்ப நாளா இருந்திருக்குமே, யாருமே பாக்கலையா?"

சுடலைக்கண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எடுத்துக்கொண்டு போன அன்று மகள் இசக்கிசெல்வி அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். குர்லாவில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிற பெண். காலை ரயிலுக்குப் போனால் ராத்திரிதான் வருவாள். "மூவாயிரம் வருசத்துக்கு முன்ன செத்தவ எந்தக் கையால அரைச்சான்னு சொல்லத் தெரியுதுல்லா? நம்ம அம்மை எழுந்திரிக்க முடியாமக் கெடந்தது தெரியலையாப்பா ஒங்களுக்கு?" அவளே சட்டையை விட்டுவிட்டு, "எனக்கும்தான் தெரியலையே" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

தெரியவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. அவருக்கு ஒன்று தெரிந்திருந்தது. அதற்கு வேறு அர்த்தம் வைத்திருந்தார். அதுதான் சங்கதி.

ஆறுமுகத்தாயின் தம்பி ஆண்டாப் ஹில்லில் இருக்கிறார். தம்பி மகனுக்கு இசக்கிசெல்வியைக் கேட்டிருந்தார்கள். சுடலைக்கண்ணன் பையனுக்கு நிலையான வேலை இல்லை என்று மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆறுமுகத்தாயின் நடப்பு மாறிப்போனது. வேலை முடிந்து இவர் வந்தால் எழுந்து சோறு வைக்க மாட்டாள். "அடுப்புக்கிட்ட இருக்கு, போட்டுக்கிடுங்க" என்பாள். தண்ணீர் கேட்டால் பானையைக் கண்ணால் காட்டுவாள். உறவுக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் வரமாட்டாள். கோபம் என்று இவர் முடிவுகட்டினார். இவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. இவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அந்த வீட்டில் கொஞ்சநஞ்ச நாள் இல்லை, மாதக்கணக்கில் ஒருவருக்கொருவர் பேச்சில்லாமல் இருந்திருக்கிறார்கள்.

"கோவம்னா சரிவே" என்று ஒருநாள் என் கடையில், அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்து சொன்னார். "கோவத்துல அவளுக்கும் பங்கு, எனக்கும் பங்கு. புருசன் பொஞ்சாதின்னா நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கத்தான் செய்யும். வலின்னா என்னவே செய்ய? எந்திரிக்க முடியாம ஒருத்தி கெடக்கா, நான் அவகிட்டப் போயி வீம்பு காட்டியிருக்கேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அவ?"

"நான் கேட்டிருக்கலாம்லா?"

ஒரு தராசுக் கல்லை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஆண்டாப் ஹில்லில் இருந்து தம்பி பொண்டாட்டியும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். தீட்டு வீட்டைக் கழுவிவிடுவோம் என்று சோப்புத் தூளைக் கரைத்துத் தரை, கதவு, சுவர் என்று தேய்க்க ஆரம்பித்தார்கள். சுடலைக்கண்ணன் வாழை இலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், வாசலோரச் சுவரில் பாதி பளிச்சென்று இருக்கிறது. இலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, "நிறுத்து! நிறுத்து தாயி! கைய எடு!" என்று கத்தினாராம். அந்த அம்மாள் பயந்து வாளியைக் கவிழ்த்துவிட்டாள். பொண்டாட்டி போன துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சுவரில் இரண்டு கறைகள் இருந்தன. பச்சைப் பெயின்டின்மேல் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து மங்கிய கறுப்பு. மேலே ஒன்று, நிற்கிற ஆள் கதவைத் திறக்கும்போது கை வைக்கிற உயரத்தில். எல்லார் வீட்டிலும் இருப்பது. கீழே ஒன்று, இடுப்பு உயரம்கூட இல்லை. அது புதிதாக, அடர்த்தியாக, எத்தனையோ தடவை கை பட்ட மாதிரி இருந்தது. அதில் விரல்கள் இருந்த மேல்பாதியைச் சோப்புத் தூள் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது உள்ளங்கையின் அடிப்பாகம் பட்ட ஒரு வட்டம். பெரிய கையா சின்னக் கையா என்று சொல்ல விரல் வேண்டும். விரல் இல்லை.

"கழுவிக் கொட்டிட்டாளுவவே" என்றார் என்னிடம். "நான் செஞ்ச அதே வேலை."

உட்கார்ந்திருந்தவள் சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்தால் கை அங்கேதான் படும். அப்படியானால் அது வலி. நடை பழகுகிற பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு போனாலும் அங்கேதான் படும். அப்படியானால் அது அஃப்ஷா. ஆறுமுகத்தாய்க்கு வலியே இருந்திருக்காது, கோபம்தான் இருந்திருக்கும். அந்த ஒரு கறையில் அந்த மனுஷனுடைய மிச்ச நாள் முழுவதும் மாட்டிக்கொண்டது.

ஒரு பொருள் சொன்னால் நம்பக்கூடாது அல்லவா. இன்னொன்று தேடினார். மேல் அலமாரியில் அவள் ஆசையாக வாங்கிய எவர்சில்வர் டப்பாக்கள். மேலே தூசி படிந்து, அதில் ஒரு விரல்தடம்கூட இல்லை. புளி, மிளகாய், உப்பு, எண்ணெய் எல்லாம் தரையோரம், கைக்கெட்டும் இடத்துக்கு இறங்கியிருந்தன. "எட்டி எடுக்க முடியலையா இருக்கலாம்" என்றார். பிறகு அலமாரியை ஆட்டிப் பார்த்தார். ஆணி லேசாக ஆடியது. "அலமாரி விழுந்துரும்னு பயந்து எறக்கியிருக்கலாம்." அவள் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தார். வாங்கி ரொம்ப நாளாகியும் அடி தேயவே இல்லை. "நடக்கவே இல்லையா இருக்கலாம்." செருப்பைத் திரும்ப வைத்துவிட்டு, "எம்மேல கோவத்துல எங்கயும் வராம இருந்திருக்கலாம்."

"ஒம்ம இருக்கலாத்தைக் கொண்டு உடைப்புல போடும்வே!" என்று நான் எரிந்து விழுந்தேன். "செத்தவ வரப்போறாளா? சாப்பிடும், வேலைக்குப் போம்."

எழுந்தவன் தடுமாறிச் சுவரில் கை வைக்கப்போனேன். பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அதுல வேண்டாம்வே. ஒம்ம கை ஏறிட்டுன்னா பொறவு ஒண்ணுமே சொல்ல முடியாது."

நூர் நிஷா அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து கறையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மாமா, அது எம்புள்ள கைதான். தேங்காண்ணெய் தடவி விட்டா நிக்குமா அது? சுவத்தப் புடிச்சுப் புடிச்சுத்தான் நடை பழகிச்சு. மாமிகூடத் திட்டுவாவ, செவுரு பூரா பெயின்ட் அடிக்கா ஒம் மவள்னு. போங்க, போயி மொகத்தக் கழுவுங்க." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். அவள் சொன்னது நிஜமா, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

அவர் கொஞ்ச நாள் அதை வைத்துக்கொண்டு உயிரோடு இருந்தார். சோறு இறங்கியது. வேலைக்குப் போனார். ஆனால் மூளை சும்மா இருக்குமா? மாதுங்காவில் மண்ணை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்த கதையையே கேட்டு வளர்ந்த மூளை. கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. கறை பச்சைப் பெயின்டின்மேல் இருக்கிறது. அப்படியானால் பச்சைக்குப் பிந்தியது. பச்சை எப்போது அடித்தது? கூடத்தில் ரேக்குகளுக்கு அடித்து மிஞ்சிய டப்பாவைச் சார் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அதைக் கொண்டுவந்து அந்த வாரமே சுவரில் அடித்தார். அது கொரோனாவில் ஊர் அடைத்துக் கிடந்ததற்கு முன்னாலா, பின்னாலா? அஃப்ஷா நடை பழகியது ஊர் அடைத்துக் கிடந்த சமயத்தில். அதற்கு முன்னால் அடித்திருந்தால் கறை பிள்ளையுடையதாக இருக்கலாம். பின்னால் என்றால் பிள்ளை அப்போது சந்தெல்லாம் ஓடித் திரிந்தது. அதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"சார்கிட்ட கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லிருவாவளே" என்றேன்.

"ஆமா" என்றார்.

"கேட்டீரா?"

காலடியில் கிடந்த பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து உள்பக்கத்தைப் பார்த்தார். திரும்ப வைத்தார். "கேக்கணும்" என்றார். கேட்கவில்லை. தினமும் அந்த ரேக்குக்கு முன்னால்தான் உட்கார்ந்து சில்லு கழுவினார். தினமும் சார் பக்கத்தில்தான் டீ குடித்தார். கேட்கவில்லை.

துக்கம் நடந்த வீட்டில் வருஷத்துக்குள் ஒரு நல்லது நடக்க வேண்டும் என்றார்கள். சுடலைக்கண்ணன் அந்த ஆண்டாப் ஹில் பையனுக்கே சரி சொல்லிவிட்டார். "அவ கேட்டது. ஒண்ணையாவது செய்வோம்" என்றார். நிச்சயம் வீட்டிலேயே. வருகிறவர்கள் முன்னால் சுவர் இப்படியா இருக்கும்? இசக்கிசெல்வி பெயின்ட் அடிக்கிற சுரேந்திரனைப் பேசி வைத்தாள். இவர் வேண்டாம் என்றார். அவள், "அரே, சோடோனா ப்பா, விடுங்க! அழுக்குச் சுவத்தக் காட்டியா என்னைய அனுப்பப் போறிய?" என்று அழுதாள். அவள் பக்கமும் நியாயம்தானே.

பெயின்ட் அடிப்பதற்கு முந்தின நாள் அனந்தகிருஷ்ணன் சார் வந்தார். உயரமான மனிதர், எங்கள் சந்தில் தலையைக் குனிந்து, சாக்கடைப் பலகையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். தேங்காய், பழம், பெண்ணுக்கு ஒரு புடவை கொண்டுவந்திருந்தார். தரையிலேயே உட்கார்ந்தார். "வரணும்னு நெனச்சிண்டே இருந்தேன், சுடலை. துக்கத்துக்கு வராதவன் எந்த மூஞ்சிய வச்சுண்டு வரதுன்னு தெரியலை" என்றார். நானும் இருந்தேன். சுடலைக்கண்ணன் டீ போட்டார்.

சார் கண் சுவரில் போய் நின்றது. தொழில் கண் அப்படித்தான் போகும் போலிருக்கிறது. கீழ்க் கறையைப் பார்த்தார். சோப்பில் வெளுத்த பாதியைப் பார்த்தார். அப்புறம் பச்சையையே பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது நம்ம ரேக் பெயின்ட்னா! ஞாபகம் இருக்கா சுடலை, இது அந்த லாக்டவுனுக்கு..."

"சார், சாயா ஆறுது" என்றார் சுடலைக்கண்ணன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலில் அவர் சாரிடம் பேசி நான் கேட்டதில்லை. சார் வாய் பாதியில் நின்றது. இவரைப் பார்த்தார். தரையோரம் இறங்கி நிற்கும் உப்பு டப்பாவைப் பார்த்தார், கை படாமல் தூசியேறிய மேல் அலமாரியைப் பார்த்தார், கறையைப் பார்த்தார். படித்த மனிதர், புரிந்துவிட்டது. டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். சூடு தொண்டையைச் சுட்டிருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

காலி கிளாஸை உருட்டிக்கொண்டே, "ஒரு மேட்டைத் தோண்டப் போனா நாங்க முழுக்கத் தோண்டறதில்லை. தெரியுமோன்னோ?" என்றார். என்னிடம் சொல்வதுபோல. "ஒரு பக்கத்தை அப்படியே விட்டுடுவோம். இன்னிக்கு நமக்கு இருக்கற அறிவு போறாது, கருவி போறாது. பின்னாடி வரவா பாத்துக்கட்டும்னு. தோண்டிட்டா போச்சு, அப்புறம் திரும்ப மூட முடியாது. விட்டு வைக்கறதும் எங்க வேலையில சேர்த்திதான்."

சுடலைக்கண்ணன் தலையாட்டினார். காலி கிளாஸை வாங்கிக்கொண்டு மோரிக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் சுரேந்திரன் மஞ்சள் பெயின்டோடு வந்தபோது, அந்தக் கறையைச் சுற்றிச் சதுரமாகப் பேப்பர் ஒட்டியிருந்தது. "அண்ணாச்சி, இது என்ன, ஸ்விட்ச் போடுத எடமா?" என்றான். "ஆமா, அப்படி வச்சுக்கோ. உள்ள ஒரு சொட்டு விழக்கூடாது" என்றார். பிடிவாதமாகப் பக்கத்திலேயே நின்றார். இசக்கிசெல்வி பார்த்தாள். சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து அந்த இடத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தாள், வருகிறவர்கள் கண்ணில் படாமல்.

நிச்சயம் நல்லபடி நடந்தது. தட்டு மாற்றினார்கள். தம்பி பொண்டாட்டி, "மதினி இருந்து பாக்கலையே" என்று ஒரு அழுகை அழுதாள். அஃப்ஷா புதுச் சட்டை போட்டுக்கொண்டு லட்டை இரண்டு கையிலும் பிடித்தபடி உள்ளுக்கும் வெளியிலுமாக ஓடியது. சுடலைக்கண்ணன் ஆறுமுகத்தாயின் இடத்தில், பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரையும் வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். சதுரத்துக்குக் காவல் இருப்பதுபோல இருந்தது எனக்கு.

கூட்டம் போனபிறகு இசக்கிசெல்வி அந்தப் பாயை எடுத்து விரித்து, இலைகளைச் சுருட்டினாள். மஞ்சள் சுவரில் பச்சைச் சதுரம் தனியாகத் தெரிந்தது. நான் கிளம்ப எழுந்தேன். வாசல்வரை வருகிறேன் என்று அவரும் எழப் பார்த்தார். வருஷக்கணக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்த முழங்கால். ஒரே மூச்சில் எழ வராது. ஒரு கையைத் தரையில் ஊன்றினார். உடம்பு பாதி எழுந்து, ஆடி, நின்றது. கை நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. அவருடைய மற்றக் கை தானாக மேலே போயிற்று, பிடிமானம் தேடி. சுவரை நோக்கிப் போய், அந்தக் கறைக்கு நேர் எதிரில், ஒரு விரல்கடை இடைவெளியில் நின்றது. விரித்த உள்ளங்கை. அதே உயரம். அப்படியே வைத்திருந்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையைக் கீழே இறக்கி, தரையில் ஊன்றி, நாலு காலில் தவழ்கிற பிள்ளைபோல மண்டியிட்டு, சுவரில் படாமல் எழுந்தார்.